ஒன்பது ஆண்டு நின்ற மாருதி 800: முதல் காரை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும் முறை

லால்குடியை ஒட்டிய கிராமத்தில், மாமனார் வீட்டு நெல் கொட்டகையின் ஓரத்தில் என் மாருதி 800 ஒன்பது ஆண்டுகள் நின்றது. 1996-ஆம் ஆண்டு வண்டி. 2001-இல் பழைய வண்டியாக வாங்கினேன். நான் வாங்கிய முதல் கார். மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். 2015-இல் வேலை மாற்றலாகி வெளிமாநிலம் போனபோது, ‘ஆறு மாதத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போனேன். தார்ப்பாயை விலக்கியது 2024 தை மாதத்தில்.

உடனிருந்த மைத்துனன் கேட்டான்: “ஒரு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்ப்போமா, அத்தான்?” எனக்கும் அதே ஆசைதான். ஆனாலும் பானெட்டைத் தூக்கியதும், ஏதோ தோன்றி, ஏர் ஃபில்டர் டப்பாவின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஃபில்டரே தெரியவில்லை. விளிம்புவரை நெல் உமி. நடுவில், பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த கம்பளியைக் கிழித்து எலி கட்டிய கூடு. ஃபில்டர் காகிதம் ஒரு பக்கம் முழுக்கக் கடிபட்டு, உமி கார்புரேட்டரின் வாய்வரை இறங்கியிருந்தது. அன்று சாவியைத் திருப்பியிருந்தால் அவ்வளவும் இன்ஜினுக்குள் போயிருக்கும்.

முதல் காரை மீட்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதனால்தான்: முதல் நாளில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால், வண்டியைத் தெருவுக்கு எடுக்காமல் இருக்க நம்மால் முடியாது. பிரேக் பிடிக்காத வண்டியை அப்படி எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் பின்பற்றிய வரிசை: ஆவணம், இரும்பு, பிரேக், பெட்ரோல், அதன் பிறகு இன்ஜின். பெயின்ட் கடைசியில்.

ஆவணங்கள்

ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் படிவம் 25. வண்டி அப்பாவின் பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டிருந்தால், வாரிசின் பெயருக்கு மாற்ற படிவம் 31. இதை வேலை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால், ஓடத் தயாரான வண்டி வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்து நிற்கும்.

கட்டணம் முன்போல் இல்லை. 15 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 2025-இல் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. காலம் கடந்து விண்ணப்பித்தால் கூடுதல் தொகையும் மாதக் கணக்கில் சேரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மொத்தத் தொகையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அதன் பிறகு முடிவெடுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டும்போது சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்பார்கள். அந்த இடம் துரு பிடித்திருந்தால் இப்போதே மென்மையாகத் துடைத்து, கிரீஸ் தடவி வையுங்கள். பெயின்டரிடமும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். எண்ணின் மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசிவிட்டால் பெரிய தலைவலி.

இரும்பு: மீட்கலாமா, விட்டுவிடலாமா

இன்ஜின் கெட்டால் சரிசெய்யலாம். மாருதி 800 இந்தியாவில் 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை, முப்பது ஆண்டுகள் தயாரானது, சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உதிரிப் பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. உடம்பு அரித்துப்போன வண்டிதான் பணத்தை விழுங்கும். எனவே முடிவு எடுக்க வேண்டிய இடம் இது.

தரை விரிப்பை முழுவதும் கழற்றுங்கள். முன் இருக்கைகளின் கீழே, கால் வைக்கும் இடத்தில், ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு ‘டக்’ என்று சத்தம் தரும். அரித்தது பிஸ்கட்போல் நொறுங்கும். அடுத்து கதவுகளின் அடிவிளிம்பு. அங்கே மழைநீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று தகட்டைத் தின்றுவிடும். பேட்டரி உட்காரும் தட்டு, கதவுகளுக்குக் கீழே ஓடும் நீளப் பகுதி, சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவு, முன் ஷாக் அப்சார்பர் மேலே பிடிக்கும் இடம் ஆகியவற்றையும் இதேபோல் குத்திப் பாருங்கள். தரையில் உள்ளங்கை அளவு ஓட்டைகள் இரண்டு மூன்று இருப்பது சாதாரணம். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களே அரித்திருந்தால், எவ்வளவு பிரியமான வண்டியாக இருந்தாலும் நல்ல டிங்கர் (தகடு வேலை செய்பவர்) ஒருவரைக் கூட்டிவந்து காட்டாமல் மேலே போகாதீர்கள்.

கடற்கரை ஊரில் நின்ற வண்டிக்கு உப்புக் காற்றினால் சேதம் அதிகம். என் வண்டி உள்நாட்டில், கூரைக்குக் கீழே நின்றதால், ஓட்டுநர் பக்கத் தரையில் ஒரே ஓட்டையோடு தப்பியது.

பிரேக்: இங்கே அவசரப்படாதீர்கள்

நின்ற வண்டியில் ஆளுக்கு ஆபத்தான பகுதி பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் தன்மை கொண்டது. ஆண்டுக்கணக்கில் நிற்கும்போது அந்த ஈரம் சிலிண்டர்களின் உட்சுவரை அரிக்கிறது, ரப்பர்கள் இறுகுகின்றன. மிதியை அழுத்தினால் பிடிப்பதுபோல் தோன்றும். உண்மையான வேகத்தில், சூடான பிறகுதான் கைவிடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். ஒரு நிமிட வேலையாக இருந்தாலும்.

பின்சக்கரங்களில் டிரம் பிரேக். நான் 2015-இல் கை பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். அதனால் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ அதோடு ஒட்டிப்போய், சக்கரம் அசையவே இல்லை. கை பிரேக்கைத் தளர்த்தி, டிரம்மின் ஓரத்தைச் சுற்றி மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளைச் செலுத்தி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் டிரம் தானே வெளியே வரும். நெம்புகோலால் நெம்பினால் டிரம்மின் விளிம்பு உடையும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் கலந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டிரம்முக்குள், மேல்பகுதியில், விரல் நீளத்தில் வீல் சிலிண்டர் இருக்கும். அதன் முனையிலுள்ள ரப்பர் உறையை நகத்தால் லேசாக விலக்கிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நல்லது. என் வண்டியில் விலக்கியதும் கருப்பட்டிப் பாகுபோல் பழுப்புத் திரவம் வழிந்தது. பிஸ்டன் துருவில் சிக்கி நகரவில்லை. இரண்டு பக்கமும் சிலிண்டரையே மாற்றினேன். ரப்பரை மட்டும் மாற்றி ஒப்பேற்றலாம் என்பார்கள். உட்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் புது ரப்பரும் சில மாதங்களில் கிழியும்.

முன்சக்கரங்களில் டிஸ்க். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் பிஸ்டன் தாராளமாக நகர்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஓஸ்கள் எல்லாவற்றையும் வயதை மட்டுமே காரணமாக வைத்து மாற்றுங்கள். ஓஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே உப்பிப்போனால், மிதியை விட்ட பிறகும் பிரேக் விடாது. இரும்புக் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மாற்ற வேண்டும். மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குக் குறைந்தது புது ரப்பர் கிட்.

அதன் பிறகு முத்திரை உடைக்காத டப்பாவிலிருந்து புதிய பிரேக் ஆயில். எந்த ரகம் என்பது மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே எழுதியிருக்கும். காற்று எடுக்கும் வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நிப்பிளை (காற்றை வெளியே விடும் சிறு திருகு) தளர்த்தி வடித்து, மிதி மேலே எழுவதற்கு முன் இறுக்க வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவார்கள். முடிந்ததும் மிதியை ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு இருக்கிறது.

இந்த வேலையை நான் முதலில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். ‘எல்லாம் முடிந்தது’ என்று வண்டியைத் திருப்பித் தந்தார்கள். வீட்டில் நிப்பிளைத் தளர்த்திப் பார்த்தால் மை நிறத்தில் பழைய ஆயில் வந்தது. தொட்டியில் மட்டும் புதியதை ஊற்றியிருந்தார்கள். வேலையைப் பிறரிடம் கொடுத்தாலும் நிப்பிளிலிருந்து வரும் நிறத்தை நீங்கள் நேரில் பாருங்கள்.

பெட்ரோல்

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கெட்டுப்போன பெட்ரோலில் கதவுக்குப் பூசும் வார்னிஷ் வாடை வரும். அதன்மேல் புதுப் பெட்ரோலை ஊற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள். டேங்கை இறக்கி, பழையதை வடித்து, உள்ளே டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். திறந்த வெளியில், அடுப்போ சிகரெட்டோ பல்பு ஒயரோ அருகில் இல்லாத இடத்தில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. வடித்த பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. தொண்ணூறுகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி, மெத்தென்றாகி, விரிசல் விடும். டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை உள்ள எல்லா ரப்பர் குழாய்களையும், எத்தனாலைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். பெட்ரோல் ஃபில்டரும் புதியது.

கார்புரேட்டரைக் கழற்றுமுன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்களுக்கு மாஸ்கிங் டேப்பில் எண் ஒட்டுங்கள். கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் படிவு இருக்கும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளின் துளையைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, அதன் பிறகு வண்டி எப்போதும் பெட்ரோலைக் குடிக்கும். கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, ஊறவைத்து, காற்றடித்தால் போதும். எல்லா கேஸ்கெட்டும் (பாகங்களுக்கு இடையில் கசிவைத் தடுக்கும் தாள்) புதிதாகப் போடுங்கள். முதல்முறை செய்கிறவர்கள் பழகிய மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்வது நல்லது. கார்புரேட்டர் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்.

இன்ஜினை எழுப்புதல்

796 சிசி, மூன்று சிலிண்டர். மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காய்ந்துபோன ரிங்குகள் சிலிண்டர் சுவரைக் கீறாமல் இருப்பதற்காக இது. மறுநாள் பிளக் இல்லாமலே, கடைசிக் கியரில் போட்டு, வண்டியைக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். இன்ஜின் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுற்றாவிட்டால் இன்னும் இரண்டு நாள் ஊறவிடுங்கள், வலுக்கட்டாயம் வேண்டாம்.

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். வடித்த ஆயில் பால் கலந்த காபிபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அங்கேயே நிறுத்தி ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் ரப்பர்தான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரில் பலர் குழாய்த் தண்ணீரையே ஊற்றியிருப்பார்கள். துருநீர் தெளிவாகும்வரை கழுவி, ஓஸ்களை மாற்றி, கூலன்ட் ஊற்றுங்கள். இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். ‘நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு’ என்று கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். அது தவறு. சரியான சூட்டுக்கு வராத இன்ஜின் பெட்ரோலை அதிகம் தின்று, விரைவில் தேய்கிறது. மீண்டும் போடுங்கள்.

பேட்டரியை மாட்டும் முன் ஒயர்களை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். நெல் இருந்த இடத்தில் எலி இருந்தது. எலி இருந்த இடத்தில் ஒயர் தப்பாது. என் வண்டியில் ஹெட்லைட்டுக்குப் போகும் இரண்டு ஒயர்கள் செம்பு தெரியக் கடிபட்டிருந்தன. எர்த் ஒயர் பாடியில் பிடிக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

இப்போது, பிளக் இல்லாமலே, செல்ஃப் அடியுங்கள். சில நொடிகள்தான், நிறுத்தி மறுபடி. டாஷ்போர்டில் ஆயில் சிவப்பு விளக்கு அணையும்வரை. ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறிவிட்டது என்று அதற்குப் பொருள். அதன் பிறகு புது பிளக்குகளைப் போட்டு, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்புங்கள். என் வண்டி நான்காவது முறையில் பிடித்தது. முதலில் வெண்புகை மண்டியது, ஊற்றிய ஆயில் எரியும் புகை. பத்து நிமிடத்தில் அடங்கியது. மாமியார் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து கையைக் கூப்பினார்.

டயரும் முதல் ஓட்டமும்

டயரில் பட்டை நன்றாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நின்ற வண்டியின் டயர் ஓரிடத்தில் தட்டையாகி, ரப்பர் வெடித்திருக்கும். ஸ்டெப்னியோடு ஐந்தையும் மாற்றுங்கள். 12 அங்குல டயர்தான், செலவு தாங்கும்.

புதுப்பித்த பதிவும், குறைந்தது மூன்றாம் நபர் காப்பீடும் இல்லாமல் சாலையில் இறக்காதீர்கள். நான் முதலில் ஓட்டியது மாமனாரின் களத்தில், இரண்டு கியருக்குள், பதினைந்து நிமிடம். நிறுத்தியதும் நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை. எஃப்.சி.க்கு வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனேன். புகைச் சான்றிதழும் அந்த வாரத்திலேயே எடுத்தேன்.

டிங்கரிங், பெயின்ட்

ஓட்டையை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். துருவின் மேல் பட்டி பூசினால் இரண்டு மழையில் கொப்பளிக்கும். பிரைமர் அடிப்பதற்கு முன், வெறும் தகடாக இருக்கும்போது வந்து பார்ப்பேன் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். அடிப்பகுதிக்குத் துருத்தடுப்புப் பூச்சும் உண்டு.

எல்லாவற்றையும் புதிதாக்கிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பின்னிருக்கை ரெக்சினில் என் மகள் மூன்று வயதில் பேனாவால் கிறுக்கிய நீலக் கோடு இருக்கிறது. சீட் தைப்பவர் மொத்தமாக மாற்றித் தருவதாகச் சொன்னார். பிரிந்த தையலை மட்டும் போடச் சொன்னேன்.

ஓடத் தொடங்கியதும் 500 கிலோமீட்டரில் இன்ஜின் ஆயிலையும் பெட்ரோல் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள். உள்ளே ஒட்டியிருந்த கசடு கரைந்து வருவது இந்தக் காலத்தில்தான். முதல் மாதம் ஒவ்வொரு காலையும் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறையாவது இருபது நிமிடம் சாலையில் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது. நீண்ட நாள் நிறுத்த நேர்ந்தால் கை பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.